ஏஜென்ட் வாங்கிய கமிஷனை நான் ஏன் திருப்பித் தர வேண்டும்?

கேள்வி: சார், திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க்காகத் துணி தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் என்னுடையது. மொத்தம் 85 பேர். அதில் 50 பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள், ஒரே ஏஜென்ட் மூலம் வந்தவர்கள். தலைக்கு 4,000 ரூபாய் ஏஜென்டுக்கு நான் கொடுத்துவிட்டேன். போன மாதம் பையர், அதாவது எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு கம்பெனி, அனுப்பிய ஆடிட்காரர்கள் ஆட்களிடம் தனியாகப் பேசியிருக்கிறார்கள். ஏஜென்ட் ஊரிலேயே ஒவ்வொருவரிடமும் 6,000 ரூபாய் வாங்கியது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பணத்தை நான் திருப்பித் தர வேண்டுமாம், இல்லையென்றால் ஆர்டர் நிற்குமாம். முதல் மாதச் சம்பளத்தை நாங்கள் பிடித்து வைப்பதையும் குற்றம் என்று எழுதிவிட்டார்கள். பிடிக்காவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். நான் வாங்காத காசை நான் ஏன் தர வேண்டும்? பீஸுக்கு இரண்டு ரூபாய் குறை என்று கேட்கிற பையர் எனக்கு நியாயம் சொல்லலாமா? ஏஜென்டை நிறுத்திவிடட்டுமா?

பதில்:

வணக்கம் சார். நேராகவே சொல்லிவிடுகிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பிடித்து வைத்திருக்கும் முதல் மாதச் சம்பளத்தை இந்த வாரச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அதற்கு ஆடிட்காரர் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பையர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது, அதை எப்படிக் கேட்பது என்றும் கீழே எழுதுகிறேன். ஆனால் அந்தக் கோபத்தின் கணக்கை 50 தையல்காரர்கள் தலையில் எழுத முடியாது.

"நான் வாங்காத காசு" என்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சுந்தர்கட் பக்கத்திலிருந்தோ கும்லாவிலிருந்தோ ஒருவரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து உங்கள் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார வைக்க ஏஜென்டுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. அதில் நீங்கள் கொடுத்தது 4,000. ஆள் கொடுத்தது 6,000. "தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது, முழுசும் நான் தருகிறேன், என்ன ரேட்?" என்று முதலிலேயே கேட்டிருந்தால் அவர் 4,000 சொல்லியிருக்கவே மாட்டார். மிச்சத்தை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் உங்களுக்கு அந்த விலை சொன்னார். அந்த 6,000 உங்கள் கைக்கு வரவில்லை என்பது உண்மை, உங்கள் கையிலிருந்து போக வேண்டிய செலவு போகாமல் மிச்சமானது என்பதும் உண்மை. மாதம் 15,000 சம்பாதிக்கப்போகிறவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அதில் நாற்பது சதவீதத்தை எடுத்து வைத்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். அதுவும் சொந்தக் காசாக இருக்காது. வட்டிக்கு வாங்கியதாகவோ, ஏஜென்டே "அப்புறம் கழித்துக்கொள்ளலாம்" என்று எழுதி வைத்ததாகவோதான் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு வழக்குக்காக இப்படி ஆள் அனுப்பும் ஒருவருடைய நோட்டைப் பார்க்க வேண்டி வந்தது. நீள நோட்டு, ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், ஊர், அப்பாவின் போன் நம்பர். கீழே கட்டம் கட்டமாக டிக்கெட், வழிச்செலவு, கமிஷன், கட்டில் மெத்தை, ஆதார் திருத்தம், வட்டி. டிக்கெட் கட்டத்தில் எல்லோருக்கும் தட்கால் விலை போட்டிருந்தது, ஆனால் அந்தப் பையன்கள் தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறை ஓரமாக உட்கார்ந்து வந்தவர்கள். சனிக்கிழமை சம்பளத்தன்று ஏஜென்டின் ஆள் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று வசூல் பண்ணிவிடுவார். ஒரு பக்கத்தில் தொடக்கக் கடன் 5,000, ஐந்து மாதம் வாராவாரம் கட்டிய பிறகு பாக்கி 6,200. அந்தக் கம்பெனி முதலாளி நல்ல மனிதர், தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பவர். அவருடைய கேட்டுக்கு வெளியே நடந்ததை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. உங்கள் கேட்டுக்கு வெளியே சனிக்கிழமை யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா?

இது பையர்கள் புதிதாகக் கண்டுபிடித்த குற்றம் என்று நினைக்க வேண்டாம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஸ்டேடியம், மேம்பாலம் எல்லாம் கட்டியது பல மாநிலங்களிலிருந்து கூட்டி வரப்பட்ட கூலியாட்கள்தான். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆனால் ஆட்களைக் கொண்டுவந்த ஜமாதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. காண்ட்ராக்டர் செய்த தவறுக்கு வேலை கொடுத்த அரசு அமைப்புகள் கைகழுவ முடியாது என்றும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாக ஒருவரிடம் வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றும் நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். அந்த ஒரு ரூபாய்தான் சார் உங்கள் யூனிட்டில் 6,000 ரூபாயாக வந்து நிற்கிறது.

இப்போதைய சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பில் ஒரு வரி இருக்கிறது, பழைய 1936 ஊதியச் சட்டத்திலும் இருந்ததுதான்: தொழிலாளி முதலாளிக்கோ முதலாளியின் ஏஜென்டுக்கோ கொடுக்கிற எந்தப் பணமும் சம்பளத்தில் பிடித்ததாகவே கொள்ளப்படும். கமிஷனுக்காகச் சம்பளத்தில் பிடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. "அவர் என் ஏஜென்ட் இல்லை, தனி ஆள்" என்று நீங்கள் வாதாடலாம், நானே உங்களுக்காக வாதாடலாம். ஆனால் தலைக்கு 4,000 கொடுத்த கணக்கு உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும்?

அப்புறம் வெளிமாநிலத் தொழிலாளர் விஷயம். 1979 சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது, புதிய தொகுப்பில் அது பத்து பேர். உங்களிடம் 50 பேர். பழைய சட்டம் காண்ட்ராக்டர் கூட்டி வந்தவர்களை மட்டும்தான் கணக்கில் எடுத்தது, இப்போது தானாக வந்து சேர்ந்தவரும் மாதம் 18,000-க்குள் சம்பளம் என்றால் கணக்கில் வருவார். ஊருக்குப் போய்வரும் பயணப்படி இவர்களுக்கு உண்டு. மருத்துவப் பரிசோதனை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உள்ளூர் ஆளுக்கு உள்ளபடியே இவர்களுக்கும் உண்டு. பணி நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம். அதைத் தமிழில் அடித்து ஒடியா பையனிடம் கையெழுத்து வாங்குவது கோப்புக்குத்தான் உதவும், தயவுசெய்து இந்தியிலோ ஒடியாவிலோ கொடுங்கள்.

முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது பற்றி. வாரச் சம்பளம் என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுத்தாக வேண்டும், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். சொல்லாமல் போனவருக்கும் இது பொருந்தும். ஒருவருடைய சம்பளத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அவர் தலையில் ஏஜென்ட் கடனும் இருந்து, அதனால் அவர் வேலையை விட்டுப் போக முடியாமல் இருக்கிறார் என்றால் அதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் பார்க்க ஒரு அதிகாரிக்கு அதிக நேரம் ஆகாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்கள் சொல்கிறது. சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, அடையாள அட்டையை வாங்கி வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் ஆபீஸ் பீரோவில் யாருடைய ஒரிஜினல் ஆதாராவது இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பிடிக்காவிட்டால் போய்விடுகிறார்களே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் அது உண்மையான கவலை. ஏன் போகிறார்கள்? பக்கத்துத் தெருவில் ஷிப்டுக்கு 30 ரூபாய் அதிகம், அல்லது ரூமில் தண்ணீர் வருகிறது, அல்லது ஊரில் ஏஜென்ட் சொன்ன சம்பளமும் இங்கே கைக்கு வந்ததும் வேறு வேறு. பெரும்பாலும் மூன்றாவதுதான். எட்டு மணி நேர வேலை, மாதம் 18,000 என்று ஊரில் சொல்லியிருப்பார்கள், இங்கே வந்தால் அந்தத் தொகை தினமும் ஒன்றரை ஷிப்ட் நின்றால்தான் வரும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்வதை நம் ஊரில் எத்தனை யூனிட் செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். பொய் சொல்லிக் கூட்டி வந்த ஆளைச் சம்பளத்தைப் பிடித்து நிறுத்துவதைவிட, ரயில் ஏறும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவது செலவு குறைவு. ஒரு பக்கத் தாளில் ஷிப்ட் ரேட், வேலை நேரம், பி.எஃப். பிடித்தம் போக கையில் வருவது, ரூம் போட்டோ எல்லாம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதைப் பார்த்து வராதவர் வராமலே இருக்கட்டும், வந்தவர் நிற்பார்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். "நம்ம ஆளு வேலைக்கு வர்றதில்லை, அதனால வடக்கிருந்து கூட்டி வர்றோம்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம், ஏதோ மழை பெய்வதுபோல இந்த ஆட்கள் தானாக வந்து இறங்கியதாக நினைத்துக்கொள்கிறோம். பனியன் கம்பெனிகளுக்கு முன்பு தேனி, திண்டுக்கல், ராமநாதபுரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நூற்பாலைகள் திருமணத்துக்கு மொத்தப் பணம் தருகிறோம் என்று சொல்லி மூன்று வருடத்துக்குப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்தன. அதெல்லாம் செய்திகளில் அடிபட்டு, அந்தக் கிராமங்களிலிருந்து வருவது குறைந்ததும் கம்பெனிகள் இன்னும் தூரம் போயின. 2014-ல் மத்திய அரசு கிராமப்புற இளைஞர்களுக்குத் தையல் உட்படப் பல தொழில்களில் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து நேராக இங்கே ஹாஸ்டல்களுக்கு இளம்பெண்கள் வர ஒரு வழியே உருவானது. எந்த மாவட்டத்தில் ஆள் எடுப்பது, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, ஹாஸ்டலில் தங்குவாரா என்று முடிவு செய்தது கம்பெனிகள்தான். உள்ளூர்ப் பெண் ஆறு மணிக்குப் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி பத்து மணி வரை நிற்க ஹாஸ்டல் ஆள்தான் தோது. வெளியூர் ஆளைத் தேடிப் போனதற்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால், கூப்பிட்ட நேரத்துக்கு இருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். இதை நாம் தேர்ந்தெடுத்தோம் என்று ஒப்புக்கொண்டால்தான் அதன் செலவும் நம்முடையது என்பது புரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கே வந்து பார்த்தபோதும், எனக்குப் போன் செய்த யூனிட் உரிமையாளர்களில் பலரிடம் தங்கள் சொந்த ஆட்களின் வீட்டு நம்பர் இல்லை. எல்லாம் ஏஜென்டிடம். தன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை செய்தவரின் அப்பா பெயர் தெரியாமல், "பயப்பட வேண்டாம், பையன் நன்றாக இருக்கிறான்" என்று சொல்ல வழியில்லாமல் நின்றார்கள். உங்கள் 50 பேரின் வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கிறதா என்று இன்று சாயங்காலம் பாருங்கள்.

இனி பையர். அவர்கள் ஏன் திடீரென்று இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் தெரியுமா? 2020 ஜூலையில் மலேசியாவின் டாப் குளவ் கம்பெனியின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியது. உலகிலேயே பெரிய ரப்பர் கையுறைக் கம்பெனி, கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், உலகம் முழுக்கக் கையுறைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். காரணங்களில் முக்கியமானது, வங்கதேசம், நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏஜென்டுகளுக்குக் கட்டிய கடன். கடைசியில் அந்தக் கம்பெனி 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. அந்தக் காசையும் கம்பெனி நேரடியாக வாங்கவில்லை, ஏஜென்டுகள்தான் வாங்கினார்கள். ஜெர்மனியில் 2023 முதல், சப்ளையர்கள் தொழிலாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று பெரிய கம்பெனிகளைக் கவனிக்கச் சொல்லும் சப்ளை செயின் சட்டம் இருக்கிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கக் கூடாது என்ற சட்டம் 2027 டிசம்பரில் அமலுக்கு வரப்போகிறது. ஆகவே இது ஒரு ஆடிட்காரரின் தனிப்பட்ட கெடுபிடி என்று நினைத்து அவரைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

ஆனால் பையருக்கும் பொறுப்பு உண்டு, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தள்ளுபடி கேட்டு முதலில் போன் வந்தது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். விலையை அடிமட்டத்துக்கு இறக்கி, டெலிவரிக்கு இருந்த நாளையும் பாதியாகக் குறைத்துவிட்டு, "ஓவர்டைம் ஏன், காண்ட்ராக்ட் ஆள் ஏன்" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? அதனால் பணிந்து மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள், ஒரு பீஸுக்கு என்னென்ன செலவு என்று காட்டும் காஸ்டிங் ஷீட்டோடு எழுதுங்கள். நாளுக்கு 4,000 பீஸ், வருடத்துக்கு 300 நாள் என்றால் 12 லட்சம் பீஸ். 50 பேருக்குத் திருப்பித் தர வேண்டியது 3 லட்சம், அதாவது ஒரு வருட உற்பத்தியில் பீஸுக்கு 25 காசு. இனிமேல் வருடா வருடம் 50 புது ஆட்களைத் தலைக்கு 10,000 முழுசும் நீங்களே கொடுத்து எடுத்தால்கூட 5 லட்சம், பீஸுக்குச் சுமார் 42 காசு. ஆட்கள் போகாமல் நிலைத்துவிட்டால் அதுவும் பாதியாகும். நூல், டையிங், லேபிள், பாலிபேக் என்று ஒவ்வொன்றுக்கும் வரி போடும் ஷீட்டில் "ஆள் எடுக்கும் செலவு" என்று ஒரு வரி போட்டு எக்ஸ்போர்ட்டர் மூலம் அனுப்புங்கள். "தொழிலாளி கட்டக் கூடாது என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன், இந்த 42 காசில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். முழுசும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மூன்று மாதத் தவணையோ, அடுத்த சீசனுக்கு ஆர்டர் உத்தரவாதமோ கேட்க இது நல்ல சமயம். பையர்கள் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022-ல் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டது, பிறகு இன்னும் சில பெரிய பிராண்டுகளும் சேர்ந்தன. அங்கே வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொல்லப்பட்ட பிறகுதான் அது நடந்தது. அவ்வளவு தூரம் போகும்வரை எந்தத் தொழிற்சாலையும் காத்திருக்கக் கூடாது.

திருப்பித் தருவதை எப்படிச் செய்வது? ஏஜென்ட் கையில் கொடுத்துப் பிரித்துத் தரச் சொல்லாதீர்கள், அது அப்படியே நோட்டுக் கணக்கில் காணாமல் போகும். ஒவ்வொருவருடைய பேங்க் கணக்கிலும் போடுங்கள். ரசீது கேட்காதீர்கள், எந்த ஏஜென்டும் இதற்கு ரசீது தருவதில்லை. அவர்கள் மொழி தெரிந்த, உங்கள் சூப்பர்வைசர் அல்லாத ஒருவரை வைத்து ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், யாரிடம், கடனா, வட்டி எவ்வளவு. ஒருவர் 6,000 என்பார், இன்னொருவர் வட்டியோடு 8,000 என்பார், உண்மையாக இருந்தால் அதைக் கொடுங்கள். "ஒரு வருடம் நின்றால் தருவேன்" என்ற நிபந்தனை வேண்டவே வேண்டாம், அது பிடித்து வைத்த சம்பளத்தின் மறுபெயர்தான். இந்த ஏஜென்ட் மூலம் வந்து இடையில் போய்விட்டவர்களுக்கும் கணக்கு இருக்கிறது, நம்பர் கிடைக்கிறவரை தேடிக் கொடுங்கள். மூன்று தவணையாகக் கொடுப்பதாக இருந்தால் தேதியை எழுதி, இந்தியிலும் ஒடியாவிலும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

கடைசியாக ஏஜென்ட். உடனே நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் இன்று அவரைத் துரத்தினால் அவர் நாளைக்கே இந்த 50 பேரில் பாதியை வேறு கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போவார், அதைவிட மோசம், பாக்கிக் கடனைக் கேட்டு ஊரில் அவர்களுடைய அப்பா அம்மா வாசலில் ஆள் நிற்கும். முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற அவருடைய நோட்டைக் கேட்டு வாங்குங்கள். தொழிலாளிகள் முன்னிலையில் "இவர்களிடம் எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை ஒவ்வொருவரும் தன் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இனிமேல் ஆள் அனுப்புவதாக இருந்தால் தலைக்கு இவ்வளவு, முழுசும் கம்பெனி தரும், பாதி ஆள் சேரும்போது, மீதி ஆள் மூன்று மாதம் நின்ற பிறகு, தொழிலாளியிடம் வாங்கியது தெரிந்தால் மீதி கிடையாது என்று ஒப்பந்தம் போடுங்கள். புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் முதல் வாரத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள். இப்போதிருக்கும் ஆட்களில் நன்றாகத் தைக்கிற நாலு பேரிடம் சொந்தக்காரர்களைக் கூட்டி வரச் சொல்லி, போக வர டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஒடிசாக்காரருக்கு நுவாகாய் பண்டிகைக்கும், ஜார்க்கண்ட்காரருக்குக் கரம் பண்டிகைக்கும் பதினைந்து நாள் லீவு கொடுத்துத் திரும்பும் டிக்கெட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஏஜென்ட் நம்பிக்கை தரவில்லையென்றால் அப்போது நிறுத்திக்கொள்ளலாம், அதற்குள் உங்கள் ஆட்களுக்கு அவரிடம் பயப்பட எதுவும் இருக்காது.

ஆடிட் அறிக்கையின் நகலும், நீங்கள் பையருக்கு எழுதும் கடிதத்தின் வரைவும் கிடைத்தால் அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.